மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு ரயில் ஓடியது

நம் சங்கத்து அன்பர்களில் திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்குவது, வாசலில் கார் பேசுவது, செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக இருபது சொச்சம் கிலோமீட்டர் போய்க் கோயில் வாசலில் இறங்குவது என்பதுதான் இன்றைய வழக்கம். அதே வழியில், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று, தரங்கம்பாடிக் கடற்கரைவரை போன ரயில் ஒன்று அறுபது வருஷம் ஓடியது என்று சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. என் அம்மா வழி ஊர் ஆக்கூர்ப் பக்கம். விடுமுறைக்கு அந்த ரயிலில்தான் போவோம். பிறகு நானே டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து, இந்த விதர்ப்பப் பக்கத்தில் தண்டவாளத்தோடு முப்பத்தெட்டு வருஷம் கழித்துவிட்டேன். அந்த ரயில் ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எழுதச் சொன்னார்கள்.

கதையைத் தரங்கம்பாடியில் தொடங்க முடியாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டில் தொடங்க வேண்டும்.

தென்னாட்டில் ரயில் முதலில் வந்த ஊர்களில் நாகப்பட்டினமும் ஒன்று. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், மறு வருஷம் திருச்சிக்கும் பாதை போட்டார்கள். அது அகலப்பாதை. 1875-ல் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். ரயில்வேக்காரன் வாழ்க்கையே இப்படித்தான். சென்னையிலிருந்து விழுப்புரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பாதையும் 1880 வாக்கில் தயாராகிவிட்டது. இந்த இரண்டு கோடுகளுக்கும் தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று நெல்லும் தேங்காயும் உப்பும் விளையும் பெரிய பிரதேசம் ரயில் இல்லாமல் கிடந்தது. கம்பெனிக்கு அங்கே முதல் போட அக்கறை இல்லை.

ஜில்லா போர்டு என்ன செய்தது தெரியுமா? நிலம் வைத்திருப்பவர்களிடம் ரூபாய்க்கு மூன்று தம்பிடி ரயில் வரி என்று தனியாக வசூலித்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பன்னிரண்டு தம்பிடி ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாயில் அறுபத்துநாலில் ஒரு பங்கு. மிராசுதார் கொடுத்தார், ஐந்து மா வைத்திருந்தவரும் கொடுத்தார். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 54 மைல் பாதை போட்டார்கள். 1894-ல் ரயில் ஓடியது. 1902-ல் பட்டுக்கோட்டை, 1903-ல் அறந்தாங்கி. சொத்து ஜில்லா போர்டுடையது. ஓட்டும் வேலை மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. இந்தியாவில் பின்னால் வந்த ஜில்லா போர்டு ரயில்களுக்கெல்லாம் இதுதான் முன்னோடி. லண்டனில் பங்கு விற்று வந்த பணமல்ல இது. நம் தாத்தாக்களின் நெல் விற்ற காசு.

அந்தப் பாதையைக் கட்டியவர்களுக்கு ஒரு என்ஜினீயராக நான் கை எடுத்துக் கும்பிடுவேன். காவிரியின் கிளைகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. இந்தப் பாதையோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. வீரசோழன், அரசலாறு, திருமலைராஜன் ஆறு, வெட்டாறு என்று ஒன்று விடாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறுகளுக்கு நடுவே வாய்க்கால், வடிகால், கன்னி. தண்ணீர் போக வழி விடாமல் மண் மேடு போட்டால், மேல்பக்கத்து வயல் மூழ்கும். கீழ்ப்பக்கத்து வயல் காயும். அடுத்த நாள் ஊரே திரண்டு வரும். கல் கிடைக்காத வண்டல் பூமியில் ஜல்லியும் தூரத்திலிருந்து வர வேண்டும்.

அந்தப் பிரதேசத்தில் ரயில் கண்ட ருசியில் கிளைகள் பலவும் முளைத்தன. பேரளத்திலிருந்து அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்காலுக்கு 1898-ல் ஒன்று. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 1915-ல் ஒன்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஒன்று. அதைப் பின்னால் கோடியக்கரைவரை நீட்டினார்கள். 1926-ல் மாயவரம் – தரங்கம்பாடி, 30 கிலோமீட்டர்.

தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன துறைமுகம் அது. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், பிறகு தமிழ் அச்சுக்கூடம் வைத்ததும் அங்கேதான். நாகப்பட்டினத்துக்கு 1861-ல் ரயில் வந்ததும் சரக்கெல்லாம் ரயில் உள்ள துறைமுகத்துக்கே போயிற்று. தரங்கம்பாடியைப் படுக்க வைத்ததில் ரயிலுக்கும் பங்கு உண்டு. அறுபத்தைந்து வருஷம் கழித்து அதே ரயில் அந்த ஊருக்கே வந்தது. ஏற்ற இறக்கக் கப்பல் இல்லை. தில்லையாடிக்கும் இப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று உயிர்விட்ட வள்ளியம்மையின் முன்னோர் ஊர் என்று காந்தி 1915-ல் அங்கே வந்தார். அப்போது ரயில் இல்லை.

கட்டுவதற்கு இது சுலபமான பாதை. மேற்கிலிருந்து கிழக்கே, ஆறுகள் ஓடும் திசையிலேயே, இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள மேட்டு நிலத்தில் போகிறது. பெரிய பாலம் அதிகம் இல்லை. செலவு குறைவு. ஆனால் ரயிலுக்கு எந்த மேடு வசதியோ, சாலைக்கும் அதே மேடுதான் வசதி. ஆகவே சாலையும் ரயிலும் கடைசிவரை கைகோத்தமாதிரி பக்கத்துப் பக்கத்தில் போயின. செலவைக் குறைத்த அந்த மேடே பின்னால் எமனாக வந்தது.

கிளைப்பாதையை எப்படி ஓட்டுவார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டுச்சந்து போன்ற பாதையில் ஒரே ஒரு ரயில்தான் போய்ப் போய் வரும். டிரைவர் கையில் ஜங்ஷன் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கோலைக் கொடுப்பார். அந்தக் கோல் கையில் இல்லாமல் எந்த எஞ்சினும் உள்ளே போகக்கூடாது. கோல் ஒன்றுதான் இருப்பதால் எதிரே இன்னொரு வண்டி வரவே முடியாது. சிக்னல் செலவு மிச்சம், நடு ஸ்டேஷன்களில் மாஸ்டர் செலவு மிச்சம். சில ஹால்ட்டுகளில் உள்ளூர்க்காரர் ஒருவரே கமிஷனுக்கு டிக்கெட் விற்பார். பல கிளைகளில் வண்டியும் கலப்பு வண்டிதான்: நாலு பயணிப் பெட்டி, பின்னால் இரண்டு மூன்று சரக்கு வேகன். வழியில் நெல் மூட்டை வேகன் ஒன்றை மாட்ட வேண்டுமானால், எஞ்சின் கழன்று போய் அதை இழுத்து வந்து கோக்கும்வரை பயணிகள் இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வேகன்தான் தங்கள் ரயிலுக்குச் சோறு போடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும், பின்னால் ரயில்வேக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கிளைப்பாதை செத்ததற்குப் பஸ்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பஸ் கடைசிக் காரணம். முதலில் போனது சரக்கு.

மீட்டர் பாதையில் வரும் சரக்கை அகலப்பாதைக்கு மாற்ற வேண்டிய இடத்தில் கூலி கொடுத்து இறக்கி ஏற்ற வேண்டும். நாளாகும், சேதமாகும். லாரி வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. போதாததற்கு, 1980-களில் ரயில்வே ஒன்றிரண்டு வேகன் சரக்கை எடுப்பதைக் குறைத்து, முழு ரயில் சரக்காகக் கொண்டுவந்தால்தான் லாபம் என்று முடிவு செய்தது. நாடு முழுவதற்கும் பார்த்தால் அது சரியான முடிவு. நிலக்கரியும் சிமெண்டும் அதனால்தான் விரைந்து ஓடின. ஆனால் ஆக்கூரும் பொறையாறும் முழு ரயில் சரக்குக்கு எங்கே போகும்? கிளைப்பாதை என்பதே ஒரு வேகன், இரண்டு வேகன் பிழைப்பு. அதை நிறுத்தியதும் வெறும் பயணி ரயில் மிஞ்சியது. நம் நாட்டில் பாசஞ்சர் வண்டிக் கட்டணம் டீசல் செலவுக்கே காணாது.

அடுத்தது வேகம். இது என் இலாகா, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உரிமை உண்டு. மூடப்போகிறோமோ என்று சந்தேகம் வந்த பாதைக்குப் புது சிலிப்பர் கட்டை கொடுக்க மாட்டார்கள். கட்டை மட்கும், ஜல்லியில் சேறு ஏறும், தண்டவாளம் தாழும். பாதுகாப்புக்காக அங்கே வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நட வேண்டியது எங்கள் கடமை. முதலில் 50, பிறகு 30, பிறகு 15. தற்காலிகம் என்று நட்ட பலகையைச் சுற்றிக் கொடி படர்ந்து நான் பார்த்திருக்கிறேன். நமக்குப் பக்கத்தில் மூர்த்திஜாபூரிலிருந்து ஒருபுறம் யவத்மாலுக்கும் மறுபுறம் அசல்பூருக்கும் சுமார் 190 கிலோமீட்டர் போன ‘சகுந்தலா’ சின்ன ரயிலை நம் அன்பர்கள் அறிவார்கள். பருத்தி ஏற்றுவதற்காகக் கில்லிக் நிக்சன் கம்பெனியார் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் தனியார் சொத்தாகவே இருந்த அபூர்வம். அதன் கடைசிக் காலத்தில் சைக்கிளில் போகிறவன் ரயிலை முந்துவான். இப்போது அந்த ஓட்டமும் நின்றுவிட்டது.

வேகம் குறைந்தால் நேரம் நீளும். நேரம் நீண்டால் ஒரே எஞ்சின் நாளைக்கு நாலு தடவை போய் வந்த இடத்தில் மூன்று தடவைதான் வரமுடியும். ஒரு டிரிப்பை எடுத்துவிடுவார்கள். எடுத்த டிரிப், சென்னை வண்டிக்குப் பொருத்தமாக இருந்த டிரிப்பாக இருந்துவிட்டால் போச்சு. ஜங்ஷனில் மெயின் வண்டி ஒரு மணி தாமதம் என்றால் கிளை வண்டி காத்திருக்க வேண்டுமா, போக வேண்டுமா? காத்திருந்தால் அடுத்த டிரிப் கெடும். போய்விட்டால் பெட்டி படுக்கையோடு வந்த குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். இரண்டு தடவை நின்ற குடும்பம் மூன்றாம் தடவை ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பஸ்ஸில் ஏறிவிடும். 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு அந்தச் சாலையில் பஸ்ஸுக்குக் குறைவும் இல்லை. எங்கள் மாமா சொல்வார்: “ரயிலுக்குப் போனா ரயிலைப் பார்க்கலாம்டா, பஸ்ஸுக்குப் போனா ஊரைப் பார்க்கலாம்.”

இப்படிக் கூட்டம் குறைந்த பிறகு கணக்குப் பார்க்க ஆள் வருவார்கள். 1969-லேயே நஷ்டக் கிளைப்பாதைகளை ஆராய ரயில்வே ஒரு குழு அமைத்தது. எண்பதுகளில் சீர்திருத்தக் குழுவும் பல பாதைகளை மூடலாம் என்றது. கணக்கு பொய்யல்ல, ஆனால் கணக்குப் போடும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொறையாற்றில் ஒருவர் சென்னைக்கு டிக்கெட் வாங்குகிறார். கிளையில் போவது முப்பது கிலோமீட்டருக்குள். மாயவரத்திலிருந்து எழும்பூர் சுமார் 280 கிலோமீட்டர். தூரத்துக்குத் தக்கபடி பிரித்தால் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிளையின் வரவாக எழுதப்படும், மீதி மெயின் லைனுக்குப் போகும். கிளையை மூடினால் அந்தப் பத்தில் ஒரு பங்கு மட்டுமா போகும்? அவர் பொறையாற்றிலேயே சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டால் மொத்தமும் போகும். வாய்க்காலை அடைத்துவிட்டு ஆற்றில் தண்ணீர் குறைந்தது ஏன் என்று கேட்பதுபோல. இதை நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு கூட்டத்தில் வேறொரு பாதையைப் பற்றிச் சொன்னேன். “நீங்கள் கட்டையைப் பாருங்கள், கணக்கை நாங்கள் பார்க்கிறோம்” என்றார் மேலதிகாரி ஒருவர்.

1980-களின் பின்பாதியில் தரங்கம்பாடி ரயில் நின்றது. நான் அப்போது இங்கே ஒரு பாலத்து வேலையில் இருந்தேன். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் பேரளம் – காரைக்கால் ரயிலும் நின்றது. மன்னார்குடிக் கிளை அவற்றுக்கு முன்பே, அவசரநிலைக் காலத்தில், 1976-ல் போய்விட்டது. கோடியக்கரை கடைசித் துண்டும் கழன்று, அகஸ்தியம்பள்ளியோடு வண்டி திரும்பத் தொடங்கியது. 2004-ல் அதுவும் நின்றது.

தஞ்சாவூர்க் குடியானவன் மூன்று தம்பிடி கொடுத்துத் தொடங்கி வைத்த ரயில் பிரதேசம் இது. போடும்போது ஜில்லா போர்டில் உட்கார்ந்து, எந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்று சண்டை போட உள்ளூர்க்காரருக்கு நாற்காலி இருந்தது. கம்பெனி 1944-ல் சர்க்கார் கைக்கு வந்து, 1951-ல் தெற்கு ரயில்வே ஆன பிறகு எல்லாம் ஒரே குடும்பம். நல்லதுதான், நானும் அந்தக் குடும்பத்துச் சோறு தின்றவன். ஆனால் மூடும் கூட்டம் நடந்தபோது அந்த நாற்காலி இல்லை.

மூடிய கிளைகளில் எவை திரும்பி வந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மன்னார்குடிக்கு டெல்லியில் பேச ஆள் இருந்தது. 2011 செப்டம்பரில் அகலப்பாதையில் ரயில் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ரயில் இல்லாத ஊருக்குச் சென்னை, கோயம்புத்தூர், திருப்பதி வண்டிகள் மட்டுமல்ல, ராஜஸ்தானில் ஜோத்பூருக்குப் பக்கத்துப் பகத் கீ கோட்டிவரை வாராந்தர வண்டியும் கிடைத்தது. பதினாலு கிலோமீட்டர் முட்டுச்சந்துதான். ஆனால் வண்டி முட்டுச்சந்திலேயே முடியாமல் நேரே வெளியூர் போகிறது, ஜங்ஷனில் மாறும் தொல்லை இல்லை. நெல்லும் அரிசியும் முழு ரயிலாக அங்கேயே ஏறுகின்றன. காரைக்காலுக்குத் துறைமுகமும் அதன் நிலக்கரியும் இருக்கின்றன. பேரளம் – காரைக்கால் 23 கிலோமீட்டரும் அகலப்பாதையாகப் போடப்பட்டு 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது. வழியில் திருநள்ளாறு. அகஸ்தியம்பள்ளிக்கு உப்பு இருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க வேதாரண்யம் போனபோது அந்த ஊருக்கு ரயில் இருந்தது. அவர்கள் வேண்டுமென்றே நடந்து போனார்கள். ரயில் நின்ற பிறகு ஊர்க்காரர்கள் பத்தொன்பது வருஷம் வேண்டாமலே ரயில் இல்லாமல் இருந்தார்கள். 2023 ஏப்ரல் 8-ந் தேதி திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டரில் மறுபடி வண்டி விட்டார்கள். அதே நாளில்தான் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸும் திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகத் தொடங்கியது. பழைய ஜில்லா போர்டுப் பாதையில் ராத்திரி முழுக்கப் போன கம்பன் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதில் வருத்தப்பட்டவர்களுக்கு ஓரளவு ஆறுதல்.

அந்தத் திருவாரூர் – காரைக்குடிப் பாதை திரும்பி வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 149 கிலோமீட்டர், வேலை முடிந்து 2019 ஜூன் முதல் தேதி வண்டி விட்டார்கள். தண்டவாளம் புதுசு, எஞ்சின் புதுசு, ஆனால் லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர் நியமிக்கவில்லை. என்ன செய்தார்கள்? கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார், வண்டி கேட்டைத் தாண்டி நிற்கும், பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல். மீட்டர் பாதைக் காலத்தில்கூட அவ்வளவு ஆகாது. பிறகு ஆள் போட்டார்கள், நேரம் குறைந்தது. ஆனால் ஆறு மணி நேரம் என்று ஊரில் ஒருமுறை பேர் பரவிவிட்டால், அதை மாற்ற எத்தனை வருஷம் ஆகும்?

தரங்கம்பாடிக்கு நிலக்கரியும் இல்லை, முழு ரயில் நெல்லும் இல்லை. கோட்டை பார்க்க வருகிறவர்களும் திருக்கடையூருக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். 1926-ல் இருந்ததைவிடப் பல மடங்கு. மீண்டும் பாதை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பழையபடி கடற்கரையில் முடியும் முட்டுச்சந்தாகக் கேட்கக் கூடாது. தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். கடலோரத்தில் ஆறுகள் அகலும் இடத்தில் பாலம் கட்ட வேண்டியிருக்கும், செலவு பிடிக்கும். ஆனால் அதை இணைத்துவிட்டால் மயிலாடுதுறை, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், திருநள்ளாறு, பேரளம் என்று சுற்றி வந்து மறுபடி மயிலாடுதுறையையே தொடும் வளையம் ஆகிவிடும். வண்டி எங்கும் நின்று எஞ்சினைத் திருப்பவேண்டாம். துறைமுகச் சரக்குக்கும் இரண்டாவது வழி கிடைக்கும். பழைய பாதைக்கு எடுத்த நிலம் நீளவாக்கில் இன்னும் பல இடங்களில் ரயில்வே நிலமாகவே கிடக்கிறது. அதில் வீடு கட்டிக்கொண்டவர்கள் ஒருபுறம், வேலிக்கருவை ஒருபுறம். அளந்து கல் நடும் வேலையையாவது இப்போதே செய்துவைக்கலாம். நிலம் கைவிட்டுப் போனபின் சர்வே செய்து பயனில்லை.